உடலும் ஓர் அமானிதமே!

(சர்க்கரை நோயும் நோன்பும் பற்றிய ஒரு சிந்தனை)

அல்லாஹ் ஜல்ல ஜலாலுஹு நமக்கு அருளியுள்ள நிஃமத்துகள் எண்ணிலடங்கா. அவற்றுள் ஈமானுக்கு அடுத்தபடியாக மதிக்கத் தக்கது உடல் நலமாகும். ஆனால் கையில் இருக்கும்வரை அதன் அருமையை நாம் உணர்வதில்லை. உணரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. அதில் குற்றம் என்னுடையது. ஆகவே அதைச் சொல்லித் தொடங்குவதே முறை.

நான் ஓதி முடித்து, கல்குளம் வட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாகச் சேர்ந்த புதிது. ரமளானுக்கு ஒரு வாரம் இருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். ஐவேளையும் முதல் வரிசையில் நிற்பவர். "ஆலிம்சா, எனக்குச் சர்க்கரை இருக்கு. இந்த வருஷம் நோன்பு பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்றார். மார்க்கம் என்ன சொல்லுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்த மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என்ன மாத்திரை உண்கிறார், இதற்கு முன் மயங்கியதுண்டா என்றும் கேட்கவில்லை. "நோன்பு உடம்புக்கு நல்லதுதானே காக்கா! அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் பிடியுங்கள். ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. நானும் ஒரு மனிதருக்கு ஈமானை ஊட்டிவிட்டதாக மகிழ்ந்தேன்.

ஒன்பதாம் நோன்பன்று அஸர் தொழுகையில், இரண்டாம் ரக்அத்தில் அவர் சுருண்டு விழுந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கிற்று, பேச்சு குழறியது. "நோன்புக் களைப்பு, கொஞ்சம் படுத்தால் சரியாகும்" என்றார் ஒருவர். நல்ல வேளையாக, நர்ஸிங் படித்துக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஜமாஅத்தில் இருந்தார். பெரியவருக்கு நினைவு முற்றும் தப்பவில்லை என்பதைப் பார்த்துக் கொண்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாக அருந்தக் கொடுத்தார். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அவர் பிழைத்தார், அல்ஹம்து லில்லாஹ்!

மறுநாள் பார்க்கச் சென்றேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. "ஆலிம்சா சொன்னதனால துணிஞ்சு பிடிச்சேன். என் நசீபு இப்படி ஆயிட்டுது" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. அவர் இறந்திருந்தால், நாளை மஹ்ஷரில் அந்த உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

இந்நோய் யாது?

நாம் உண்ணும் சோறும் கிழங்கும் பழமும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் புகுவதற்கு இன்சுலின் என்ற நீர் தேவை. அதைச் சுரப்பது இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம். சிலருக்கு, பெரும்பாலும் சிறு வயதிலேயே, கணையம் அதைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அவர்களுக்கு இன்சுலின் ஊசியே உயிர்நாடி. ஏனையோரில் பலருக்கு இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை; நாளடைவில் சுரப்பும் குறைகிறது. இரண்டு வகையிலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிற்கும்.

இந்நோயின் கொடுமை அது ஓசையின்றி வேலை செய்வதுதான். வலிக்காது, காயாது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை அரிக்கும். காலில் உணர்ச்சி மங்கி, முள் குத்தியதும் தெரியாமல் புண் புரையோடும். இரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்.

இது சிலருக்கு மட்டும் வரும் அபூர்வ நோயல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். நமக்கு அண்டையிலுள்ள கேரளம் இந்நோய் மிகுந்த மாநிலங்களில் ஒன்று. குமரி மாவட்டத்தில் எந்த மஹல்லாவிலும் வரிசையில் நிற்கும் நடுத்தர வயதினரை எண்ணிப் பாருங்கள். சட்டைப் பையில் மாத்திரை வைத்திருப்போர் எத்தனை பேர்!

தலையில் காயம்பட்ட தோழர்

இனி மார்க்கத்திற்கு வருவோம். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பயணத்தில் தோழர் ஒருவருக்குக் கல்லடிபட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர்தான் இருக்கிறதே, சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார்.

செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியதும், அத்தோழரின் சாவுக்குப் பதில் சொன்னவர்களையே பொறுப்பாளிகளாக்கிக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்வியே மருந்தல்லவா என்ற கருத்தில் கடிந்தார்கள்.

இந்த ஹதீஸை நான் மத்ரஸாவில் ஓதியவன்தான். பாடமாக ஓதியிருந்தேன். பெரியவர் என் முன்னால் வந்து அமர்ந்தபோது, கேட்பவர் அந்தக் காயம்பட்ட தோழர், பதில் சொல்லும் இடத்தில் நான் இருக்கிறேன் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. நம் பகுதி மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபியீ சட்ட நூலான ஃபத்ஹுல் முயீன், எந்த நோய்க்காக நோன்பை விடலாம் என்று கூறும்போது, தயம்முமை அனுமதிக்கும் அளவுக்குத் தீங்கு தரும் நோய் என்றே அளவு கூறுகிறது. ஆகவே தலையில் காயம்பட்டவரின் தயம்முமும், சர்க்கரை நோயாளியின் நோன்பும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்படுபவை.

உடல் யாருடையது?

இங்கே ஒரு கேள்வி எழும். "என் உடல், என் உயிர். அல்லாஹ்வுக்காக அதை வருத்திக் கொள்கிறேன். நோன்போடு மௌத்தாவதைவிட வேறென்ன பாக்கியம் வேண்டும்?" என்று நல்லடியார்கள் பலர் கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் உண்மையான பக்தி இருக்கிறது.

ஆனால் "என் உடல்" என்ற அந்த முதற் சொல்லிலேயே பிழை இருக்கிறது. ஒருவர் நம்மிடம் ஒரு பொருளை அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அதை உடைத்துவிட்டு, "உங்கள் மீதுள்ள அன்பினால் உடைத்தேன்" என்று அவரிடமே சொன்னால் ஏற்பாரா? உடல் நமக்குச் சொந்தமன்று, ஒப்படைக்கப்பட்டது. நம்மை நாமே கொன்று கொள்வதையும் (4:29), நம் கைகளாலேயே அழிவைத் தேடிக் கொள்வதையும் (2:195) திருமறை தடுத்திருப்பதன் அடிப்படை இதுவே. இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதையும் நாம் அறிவோம்.

மேலும் வணக்கம் என்பது என்ன? கஷ்டப்படுவதா, கீழ்ப்படிவதா? கஷ்டமே வணக்கமென்றால் பெருநாளன்றும் நோன்பு நோற்கலாமே! அன்று நோற்பது ஹராம். ரமளானில் உண்ணாதே என்று ஆணையிட்டவன் எவனோ, அவனே நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க அனுமதித்தவன் (2:185). அதே வசனத்தில், அடியார்களுக்கு இலேசையே தான் நாடுவதாகவும் அறிவிக்கிறான். நோன்பு நோற்பவர் ஆணைக்குக் கீழ்ப்படிகிறார். தீங்கை அஞ்சி விடும் நோயாளியும் அதே ரப்பின் வார்த்தைக்குத்தான் கீழ்ப்படிகிறார். இருவரும் வணங்குகின்றனர். உயிருக்கே ஆபத்து என்று அஞ்சும் நிலை வந்துவிட்டாலோ, நோன்பை விடுவது அனுமதி என்பதைக் கடந்து கடமையாகிவிடுகிறது என்று சட்ட மேதைகள் விளக்குகின்றனர்.

மக்கா வெற்றியின் ஆண்டில் நடந்ததை நினைவுகூர்வோம். ஹிஜ்ரி 8-இல், ரமளானில் பயணம். குராஉல் கமீம் என்னும் இடத்தில், மக்களுக்கு நோன்பு கடினமாக இருக்கிறது என்று அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வரவழைத்து, அனைவரும் காணும்படி உயர்த்திப் பிடித்து அருந்தினார்கள். அதன் பின்னரும் சிலர் நோன்பை விடவில்லை என்று கேள்விப்பட்டபோது, அவர்களை மாறு செய்தவர்கள் என்றே குறிப்பிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. படைத்தவன் தந்த சலுகையை மறுப்பது பணிவுக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரு பக்கமும் சறுக்கல் உண்டு

"அப்படியானால் சர்க்கரை என்று பேர் சொல்லி ஊரெல்லாம் நோன்பை விடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. நோயாளிகள் அனைவரும் ஒரே நிலையில் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டாலும் ஓரிரு மாத்திரைகளாலும் சர்க்கரை அடங்கியுள்ள பலர், மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக் கொண்டு நலமாக நோன்பு நோற்கின்றனர். பசியும் களைப்பும் நோன்பில் உள்ள இயல்பான சிரமங்கள். அவை சலுகைக்குக் காரணமாகா. நோய் முற்றுவதும், ஆறுவது தாமதிப்பதும், உறுப்புக் கெடுவதும், உயிர் போவதும்தான் தீங்கு. ஷரீஅத் சிரமத்தையும் தீங்கையும் பிரித்துப் பார்க்கிறது. நாம்தான் குழப்பிக் கொள்கிறோம். ரமளானில் சர்க்கரையைக் காரணம் காட்டி நோன்பை விட்டுவிட்டு, ஷவ்வாலில் கல்யாண வீட்டு அல்வாவுக்கு முன்னால் அதே நோயை மறந்துவிடுபவர், தம் நாவைக் கேட்டு முடிவு செய்திருக்கிறார், மார்க்கத்தைக் கேட்கவில்லை.

யார் நோற்கலாம், யாருக்கு ஆபத்து என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆலிம் சட்டத்தைச் சொல்வார். தீங்கு உண்டா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். நோயாளியின் சொந்த அனுபவமும் சான்றாகும். நாஞ்சில் நாட்டில் நமக்கு வைத்தியம் பார்ப்போர் எல்லாச் சமயத்திலும் உள்ளனர். ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக முஸ்லிமல்லாத அப்துல்லாஹ் இப்னு உரைகித்தை, திறமையும் நம்பிக்கையும் பார்த்து நாயகம் (ஸல்) அவர்கள் அமர்த்திக் கொண்டார்கள். ஆகவே மருத்துவரிடம் நாம் பார்க்க வேண்டியதும் அவ்விரண்டையுமே.

மருத்துவ உலகமும் நம் நோன்பை அலட்சியம் செய்யவில்லை. 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. நடுவயதில் வரும் வகை நோய் உடையோரில் 100-க்கு 79 பேர் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றிருந்தனர். ஆனால் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து மயங்கும் நிலை, மற்ற மாதங்களைவிட அவர்களுக்கு ஏழு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஆர்வத்தின் அளவையும் ஆபத்தின் அளவையும் ஒருசேரக் காட்டும் கணக்கு இது.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், நோயாளிகளை ஆபத்துக் குறைந்தோர், நடுத்தரமானோர், மிகுந்தோர் என்று பிரிக்கிறது. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே மருத்துவரிடம் செல்லவும் சொல்கிறது. நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே தாழ்ந்தாலும், 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அதில் உள்ளது. மஃரிபுக்கு இன்னும் அரை மணிதானே என்று காத்திருக்கலாகாது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருந்தும் விதியே

"நோயைத் தந்தவன் அல்லாஹ். அவன் நாடினால் நீங்கும். மாத்திரை எதற்கு?" என்போரும் உளர். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தபோது, அபூ உபைதா (ரலி) அவர்களும் ஏறத்தாழ இதையே கேட்டார்கள்: அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா? ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோய் விதியென்றால் மருந்தும் விதிதான். முதுமை நீங்கலாக எல்லா நோய்க்கும் மருந்தை அல்லாஹ் படைத்திருப்பதாக அறிவித்து, வைத்தியம் செய்து கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள்.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை அவ்வகை நோய் கண்ட பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறப்பதைப் பெற்றோர் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். மருந்தைக் கண்டவர்கள் அதன் உரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விட்டுக் கொடுத்தனர். இத்தகைய அருட்கொடையை ஒதுக்கித் தள்ளுவது தவக்குல் ஆகுமா?

முன்னாளில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. அதனால் நம் பெரியோர் சிலர் ஊசியை அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினைத் தயாரிக்கும் முறை புழக்கத்துக்கு வந்து பரவிவிட்டது. பழைய அச்சத்தால் புதிய மருந்தை மறுப்பது பொருந்தாது.

நோன்பாளி இன்சுலின் ஊசி போட்டுக் கொண்டால் நோன்பு முறியுமா? 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உணவாகச் செலுத்தப்படாத தோல், தசை, நரம்பு ஊசிகளால் நோன்பு முறியாது என்று தீர்மானித்துள்ளது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதையும் அவ்வாறே கூறியுள்ளது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்குக் கூசி, ஆபத்தைத் தேடிக் கொள்ள வேண்டியதில்லை.

விட்ட நோன்புக்கு என்ன செய்வது? பின்னர் நோற்கும் நிலை வருமென்று நம்பிக்கை உள்ளவர் களாச் செய்ய வேண்டும். அந்நம்பிக்கை அற்றுப்போன தீராத நோயாளி ஒவ்வொரு நாளைக்கும் ஃபிதியா கொடுக்க வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் அது ஒரு முத்து அளவு தானியம். ஹனஃபீ மத்ஹபில் அரை ஸாவு கோதுமை அல்லது அதன் கிரயம். ஏழையின் அடுப்பில் அந்த அரிசி வேகும்போது, நோயாளியின் ரமளானும் நிறைவடைகிறது.

வீட்டாருக்கும் ஊராருக்கும்

நோயாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விருந்துக்கு வந்தவர் "சர்க்கரை இருக்கு" என்று கையை எடுத்தால் நாம் விடுகிறோமா? "ஒரு நாளைக்கு ஒண்ணும் செய்யாது மச்சான்" என்று நெய்ச்சோற்றை மேலும் அள்ளி வைக்கிறோம். "சீனிதான் ஆகாது, கருப்பட்டி போட்ட காப்பி குடிக்கலாம்" என்று மாமியார் ஊற்றிக் கொடுக்கிறார். கருப்பட்டியும் சர்க்கரையே, அதுவும் இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். மரச்சீனிக் கிழங்கும் நேந்திரம் பழமும் அளவோடுதான் இருக்க வேண்டும். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஸுன்னத். அவருக்குத் தீங்கானதை வற்புறுத்தி ஊட்டுவது கண்ணியமாகாது. தீமைக்குத் துணை போகாதீர் என்ற கட்டளை சாப்பாட்டு ஸஹனுக்கும் பொருந்தும்.

மற்றொன்று, மறைத்தல். பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ உள்ள நோயை மறைத்து நிக்காஹ் பேசி முடிக்கிறார்கள். புகுந்த வீட்டில் அந்தப் பெண் இன்சுலினை ஒளித்து வைத்து, ஒளிந்து ஊசி போட்டுக் கொள்கிறாள். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. விற்கும் பொருளின் குறையையே மறைக்கக் கூடாது என்று போதித்த மார்க்கம், வாழ்நாள் ஒப்பந்தத்தில் மறைப்பதை ஏற்குமா? நோய் குற்றமன்று, மறைப்பதுதான் குற்றம். உண்மையைச் சொன்னதும் விலகிப் போகிறவர்கள் போகட்டும். அறிந்து ஏற்பவரிடம்தான் அவள் நிம்மதியாக வாழ முடியும்.

அந்தப் பெரியவரிடம் பின்னொரு நாள் கேட்டேன்: "காக்கா, டாக்டர் சொன்ன பிறகும் ஏன் என்னிடம் கேட்டீர்கள்?" அவர் சொன்னார்: "நோன்பு காலத்துல பகல்ல தண்ணி குடிச்சா வீட்டுப் பிள்ளைகளே என்னை எப்படிப் பார்க்கும்? நீங்க பிடிக்காண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதுபோதும்னு வந்தேன்." நான் கொடுக்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தையை.

அடுத்த ரமளானுக்கு முந்தைய ஜும்ஆவில், நான் தவறாகப் பதில் சொன்னதை மிம்பரிலேயே ஒப்புக் கொண்டு, மேலே கண்ட சட்டங்களை விளக்கினேன். அன்று மாலை பெரியவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, "இந்த வருஷம் எனக்கு நோன்பு இல்லே, ஃபிதியாதான்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அன்றிரவு இஷாவுக்குப் பின் மூவர் தனித்தனியே வந்து என்னைச் சந்தித்தனர். மூவருக்கும் அதே நோய், அதே வெட்கம். இம்முறை முதலில் மருத்துவச் சீட்டைக் கேட்டேன்.

சலுகை பெற்றவர் தெருவில் நின்று உண்ண வேண்டியதில்லை. ரமளானின் கண்ணியம் காக்கப்பட வேண்டும். ஆனால் சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகள் முன்னால், அவர் தலை குனியும்படி நாம் வைத்திருக்கக் கூடாது. ரமளான் பிறக்குமுன் உங்கள் வீட்டிலுள்ள வாப்பாவிடமும் உம்மாவிடமும் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஐயமிருந்தால் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கப்படும் ஆலிமும், பதில் சொல்லுமுன் நோயாளியிடம் நாலு கேள்வி கேட்கட்டும்.

யா அல்லாஹ்! நீ ஒப்படைத்த இவ்வுடலை உன் கட்டளைப்படி பேணவும், உன் சலுகையை நன்றியோடு ஏற்கவும் எங்களுக்குத் தௌஃபீக் செய்வாயாக! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அறியாமல் சொல்லிவிட்ட பதில்களுக்காக எங்களை மன்னிப்பாயாக! ஆமீன்.